பென்சிலில் எழுதிய பட்டியல்

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் போஸ்வர் கட்டடத்தில், கீழ்த்தள நடையில் போகும்போது காலடியில் சட்டென்று ஒரு கண்ணாடி வரும். அதற்குள் ஐந்து மூலைகொண்ட வெள்ளைப் பலகை ஒன்று கிடக்கும். மாணவர்கள் அதை மிதித்துக்கொண்டே வகுப்புக்கு ஓடுவார்கள். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானத்தின் ஹோம் பிளேட் அது. மட்டைக்காரர் நின்று பந்தை எதிர்கொள்ளும் இடம். 1909 ஜூன் 30 அன்று திறந்த மைதானத்தை 1970இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள், அதன்மேல் இந்தக் கட்டடம் வந்தது. பிளேட் உண்மையில் இருந்த இடம் இதுவல்ல, கொஞ்சம் தள்ளி என்று சொல்கிறவர்களும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்தவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டல்ல. மூலவர் உள்ளே எங்கேயோ இருக்கட்டும், உற்சவரைப் பார்த்தாலும் தரிசனம்தான்.

போன கோடையில் பேத்தியை அங்கே அழைத்துப்போனேன். பதினாறு வயது. “இதுக்கா தாத்தா முக்கால் மணி நேரம் பார்க்கிங் தேடினீங்க?” என்றாள். “இந்தப் பிளேட்ல மூணு பேர் நின்னிருக்காங்கம்மா. ஹோனஸ் வாக்னர், பேப் ரூத், ஜாஷ் கிப்சன்” என்றேன். கையில் இருந்த போனைத் தட்டினாள். “ரூத் முதல்ல இருக்கார். வாக்னரும் முதல் வரிசையிலதான். கிப்சன் எங்க? ரொம்பக் கீழ இருக்காரே!”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பட்டியலை மேலிருந்து கீழே படிக்கத்தான் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதை எழுதியவர் யார், எந்தத் தாளைப் பார்த்து எழுதினார் என்று கேட்க எனக்கே முப்பது வருடம் ஆயிற்று.

நான் 1979 செப்டம்பரில் இந்த ஊருக்கு வந்தேன். எஃகு ஆலைகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. அடுத்த மாதமே உள்ளூர் அணியான பைரேட்ஸ், உலகத் தொடரில் பால்டிமோரிடம் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்து, மிச்ச மூன்று ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கியது. ஊரே தெருவில் நின்றது. எதற்காகக் கத்துகிறார்கள் என்று தெரியாமல் நானும் கத்தினேன். எதிர் மேசையில் இருந்தவர் ஹோம்ஸ்டெட் பகுதிக்காரர், கறுப்பினத்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். மறுநாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “ஆட்டம் பார்த்தாய் சரி, உன் கணக்கில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரன் யார்?”

எனக்குத் தெரிந்த ஒரே பெயர் பேப் ரூத். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. “பத்துப் பேர் எழுது. பென்சிலால் எழுது” என்றார். அன்று வாங்கிய கோடு போட்ட நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பத்து வரிகள். எத்தனை முறை அழித்தேனோ, மூன்றாவது வரியில் தாள் கிழிந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

இந்த நாட்டில் பேஸ்பாலைப் பார்ப்பது பாதி, வரிசைப்படுத்துவது மீதி. முடிவெட்டும் கடையில், பேருந்தில், சாவு வீட்டில்கூட அந்தப் பேச்சு நடக்கும். நம்மூரில் சிவாஜியா எம்ஜிஆரா என்று இரண்டு பேரை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டு ஓட்டினோம். இவர்கள் நூறு பேரை வைத்து நூற்றைம்பது வருடமாக ஓட்டுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு விதை போட்டவர் ஒரு கிரிக்கெட் நிருபர் என்று தெரிந்தபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமை. ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்தவர். சிறுவனாக புரூக்ளினுக்கு வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் ஆட்டங்களை எழுதியவர். பேஸ்பால் அவர் கண்ணில் பட்டதும், கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை அப்படியே இதற்கு மாற்றித் தைத்துக்கொடுத்தார். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கட்டம், கட்டத்தில் எண். ஒருவர் மூன்று முறை தவறவிட்டு வெளியேறினால் இன்றும் ‘கே’ என்று குறிக்கிறார்களே, அந்த எழுத்தும் அவர் வைத்ததுதான்.

கிரிக்கெட்காரருக்கே உரிய பிடிவாதம் ஒன்றும் அவரிடம் இருந்தது. பேஸ்பாலில் பந்து வீசுபவர் நான்கு பந்துகளைத் தவறாகப் போட்டால் மட்டைக்காரர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர். வீசியவன் செய்த தப்புக்கு அடிப்பவனுக்கு எதற்குப் புண்ணியம் என்பது சாட்விக்கின் வாதம். அதனால் பேட்டிங் சராசரியில், அதாவது மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை முறை அடித்து பேஸைச் சேர்ந்தார் (ஹிட்) என்ற விகிதத்தில், வாக்குக்கு இடமில்லாமல் போனது. 1887இல் ஒரே ஒரு வருடம் விதியை மாற்றி, வாக்கையும் ஹிட் என்றே எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் எல்லாம் ஐப்பசிக் காவிரிபோலப் பொங்கின. மறு வருடமே பழைய விதிக்குத் திரும்பினார்கள். பொறுமையாக நின்று தவறான பந்துகளை விட்டுவிடுவதும் ஒரு திறமை என்று இந்த நாடு ஒப்புக்கொள்ள அதற்குப் பிறகு நூறு வருடம் பிடித்தது. அந்த நூறு வருடப் பட்டியல்கள் அத்தனையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதியவை.

ஸ்கோர் எழுதுவது எனக்குப் புதிதல்ல. திருச்சியில் படித்தபோது கல்லூரி கிரிக்கெட் அணியின் ஸ்கோரர் நான். ஆடத் தெரியாது, கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான் தகுதி. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் என் அறைத்தோழன் 49இல் ஆட்டமிழந்தான். வாழ்க்கையில் அவன் அதுவரை முப்பதைத் தாண்டியதில்லை, இனித் தாண்டப்போவதுமில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்னால் நடுவர் முழங்காலைத் தொட்டு லெக் பை காட்டிய ஒரு ரன் இருந்தது. பேனாவை எடுத்தேன். உதிரியில் ஒன்றைக் குறைத்து அவன் பெயரில் ஒன்றைக் கூட்டினேன். மொத்தம் மாறவில்லை, எவனுக்கும் தெரியாது. ஆனால் லெக் பை என்றால் பந்து வீசியவன் கணக்கில் சேராது, மட்டையில் பட்ட ரன் என்றால் சேரும். ஆகவே எதிரணிச் சுழற்பந்துக்காரன் ஒருவன் கணக்கிலும் ஒன்றைக் கூட்ட வேண்டியிருந்தது. அவன் பெயர்கூட நினைவில்லை. சாயங்காலம் என் நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 1910ஆம் வருடக் கதையைப் படித்தேன். படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வருடம் ஹியூ சால்மர்ஸ் என்ற கார் உற்பத்தியாளர் ஒரு பரிசு அறிவித்தார். பெரிய லீகுகள் இரண்டிலும் யாருடைய பேட்டிங் சராசரி அதிகமோ அவருக்கு ஒரு புதுக் கார். பருவத்தின் கடைசி நாட்களில் போட்டி இரண்டு பேருக்குள் சுருங்கியது. ஒருவர் டெட்ராய்ட்டின் டை காப். பேஸுக்குச் சறுக்கிப் பாயும்போது எதிரியின் கால் எலும்பைப் பார்க்கிறவர் என்று பெயரெடுத்தவர், சொந்த அணியிலேயே பலருக்கு அவரைப் பிடிக்காது. இன்னொருவர் கிளீவ்லாந்தின் நாப் லாஜவே. எல்லோருக்கும் பிடித்தவர். முன்னணியில் இருந்த காப், சராசரி குறைந்துவிடக் கூடாதென்று கடைசி இரண்டு ஆட்டங்களில் இறங்காமல் உட்கார்ந்துகொண்டார். அக்டோபர் 9 அன்று லாஜவேக்கு செயின்ட் லூயிஸில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். செயின்ட் லூயிஸ் மேலாளர் ஜாக் ஓகானர், மூன்றாவது பேஸில் நின்ற ரெட் காரிடன் என்ற புதுப் பையனைக் கூப்பிட்டு, லாஜவே வந்தால் பின்னால் தள்ளிப்போய் நில் என்றார். முன்னால் வெட்டவெளி. லாஜவே பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஓடினார். அன்று அவருக்கு 8 ஹிட்கள், பெரும்பாலும் இப்படித் தட்டியவை. ஒரு பந்துக்கு ஸ்கோரர் ஹிட் கொடுக்காததால், மாற்றி எழுதினால் ஒரு சூட் தைத்துத் தருகிறோம் என்று அவருக்குத் துண்டுச்சீட்டு போனது. அவர் மாற்றவில்லை. முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு நான் மனதுக்குள் பலமுறை வணக்கம் சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரும் சூட் தருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

விஷயம் நாறியது. ஓகானர் வேலையை இழந்தார். லீக் தலைவர் பான் ஜான்சன் கணக்கைச் சரிபார்த்து, காப் .385, லாஜவே .384, காப்தான் வென்றார் என்று அறிவித்தார். சால்மர்ஸ் சாமர்த்தியசாலி. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்து இரட்டிப்பு விளம்பரம் தேடிக்கொண்டார். அடுத்த வருடத்திலிருந்து எண்ணை நம்பாமல், பத்திரிகையாளர்கள் வாக்களித்துச் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார். இன்றைக்கு வருடா வருடம் கொடுக்கும் எம்விபி விருதுக்குப் பாட்டன் இந்தக் கார்தான்.

இதோடு முடிந்திருந்தால் வேடிக்கைக் கதை. எழுபது வருடம் கழித்து, பீட் பாமர் என்ற புள்ளியியல்காரர் பழைய பேரேடுகளைப் புரட்டியபோது காப் ஆடிய ஓர் ஆட்டம் இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டார். அதில் அவருக்கு 2 ஹிட்கள். அதை எடுத்துவிட்டால் 1910இல் முன்னால் நின்றவர் லாஜவே. காப்பின் வாழ்நாள் ஹிட்கள் 4,191 என்று நாடே மனப்பாடம் செய்திருந்தது, அது 4,189 ஆகிவிடும். 1981இல் செய்தி வெளியானது. பேஸ்பால் ஆணையர் பவி கூன் மாற்ற மறுத்துவிட்டார். 1985 செப்டம்பர் 11 அன்று பீட் ரோஸ் தன் 4,192ஆவது ஹிட்டை அடித்தபோது அலுவலக வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம். சின்சினாட்டி மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. திருத்திய கணக்குப்படி பார்த்தால் மூன்று நாள் முன்பே, சிகாகோவில், யாரும் கைதட்டாமல் அந்தச் சாதனை முறிந்துவிட்டது. எதிர் மேசைக்காரர் காபியை உறிஞ்சிக்கொண்டே, “பேரேட்டில் இருப்பவனுக்கே இந்தக் கதி. பேரேட்டிலேயே இல்லாதவனுக்கு?” என்றார். அப்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் பட்டியலில் காப் எட்டாவது. வாக்னருக்கு ஆறு இடம் கீழே. இதைச் சொன்னால் டெட்ராய்ட்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். 1909இல், இதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டு திறந்த வருடத்தில், உலகத் தொடரில் இருவரும் மோதினார்கள். வாக்னர் .333, காப் .231, ஏழாவது ஆட்டத்தில் கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு. ஏழு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் காப் நின்றது வெளிமைதானத்தில். வாக்னர் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே, பந்து துப்பாக்கிக் குண்டாக வரும் இடம். லீகின் பேட்டிங் சராசரியில் எட்டு முறை முதலிடம், பெரும்பாலும் அங்கே நின்றுகொண்டே. இதே மாவட்டத்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதில் வேலை செய்தவர். கால்கள் வில்லாக வளைந்திருக்கும், கைகள் மண்வெட்டி அகலம். பந்தோடு சேர்த்துச் சரளைக் கல்லையும் அள்ளி வீசுவார் என்பார்கள். அவருடைய ஹிட்கள் எத்தனை? ஒரு புத்தகத்தில் 3,430, இன்னொன்றில் 3,415, இப்போது பெரும்பாலும் 3,420. இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த மனிதருக்கே இந்த ஊசலாட்டம்.

1936இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்துக்கு முதல் தேர்தல் நடந்தபோது 226 பேர் வாக்களித்தார்கள். முக்கால் பங்கு கிடைத்தால் உள்ளே. காப் 222, ரூத்தும் வாக்னரும் சரிசமமாக 215, கிறிஸ்டி மேத்யூசன் 205, வால்டர் ஜான்சன் 189. ரூத்தை வேண்டாமென்று 11 பேர் விட்டிருக்கிறார்கள். 1920இல் அந்த மனிதர் வேலிக்கு வெளியே அடித்த 54 ஹோம் ரன்கள், அவர் லீகின் மற்ற எந்த முழு அணியும் அடித்ததைவிட அதிகம். அப்படியிருந்தும் 11 பேர். நூறு சதவீத வாக்கை முதன்முதலில் ஒருவர் வாங்கியது 2019இல், மாரியானோ ரிவேரா. அருமையான பந்துவீச்சாளர்தான். ஆனால் வில்லி மேஸ், ஹேங்க் ஆரன், ரூத் யாருக்கும் கிடைக்காத நூறு அவருக்குக் கிடைத்ததற்குக் காரணம் அவருடைய வலது கை மட்டுமல்ல. யார் யாருக்கு வாக்களிக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் காலத்தில் அவர் பெயர் வந்தது.

ரசிகர்களிடம் விட்டால்? விட்டுப் பார்த்தார்கள். 1957 ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர் வாக்கெடுப்பு நடந்தபோது சின்சினாட்டிப் பத்திரிகை ஒன்று, உள்ளூர் ஆட்டக்காரர்கள் பெயரை முன்கூட்டியே குறித்து வாக்குச்சீட்டை அச்சிட்டுக் கொடுத்தது. எட்டு இடங்களில் ஏழில் சின்சினாட்டி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் இருவரை நீக்கிவிட்டு வில்லி மேஸையும் ஹேங்க் ஆரனையும் போட்டார். வாக்குரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள், 1970 வரை திருப்பித் தரவில்லை. 1999இல் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ரசிகர்கள் வாக்னரை உள்ளே விடவில்லை. ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து அவரையும் இன்னும் நால்வரையும் சேர்க்க வேண்டியிருந்தது. பார்த்தவன் எவனும் உயிரோடு இல்லாத ஆட்டக்காரனுக்கு யார் வாக்குப் போடுவார்கள்? நான் போட்டேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. விதி என்ன என்று கேட்காதீர்கள்.

எண்களைப் புதிதாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இரவுக் காவலாளி. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸில், பீன்ஸும் பன்றி இறைச்சியும் டின்னில் அடைக்கும் ஆலை ஒன்று. இரவெல்லாம் கொதிகலனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பில் ஜேம்ஸ், கையோடு பேஸ்பால் ஸ்கோர்களையும் கொண்டுபோவார். 1977இல் தானே அச்சடித்துக் கொண்டுவந்த முதல் புத்தகம் 75 பிரதிகள் விற்றது. நான் அவர் எழுத்துக்கு வந்து சேர்ந்தது 1985இல். வாக் என்பது சோம்பேறித்தனமல்ல, ரன்னுக்கு வழி. மைதானத்துக்கு மைதானம் சுவரின் தூரம் மாறும், காலத்துக்குக் காலம் பந்தின் குணம் மாறும், அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். 2001இல் அவர் வெளியிட்ட நூறு பேர் பட்டியலில் ரூத் முதலாவது, வாக்னர் இரண்டாவது, மேஸ் மூன்றாவது. நாலாவது இடத்தில் ஆஸ்கர் சார்ல்ஸ்டன் என்ற பெயரைப் பார்த்ததும் கடையிலேயே நின்றுவிட்டேன். ஒன்பதாவது ஜாஷ் கிப்சன். சார்ல்ஸ்டனும் கிப்சனும் பிட்ஸ்பர்க்கில் ஒரே அணியில் ஆடியவர்கள். கறுப்பர்கள் என்பதால் பெரிய லீகில் ஒரே ஓர் ஆட்டம்கூட அவர்களை ஆட விட்டதில்லை.

இன்று பேத்தியின் போனில் இருப்பது ‘வார்’ என்ற ஒற்றை எண். ஓர் ஆட்டக்காரர் நாளைக்குக் காயப்பட்டால், கீழ் லீகிலிருந்து சொற்பச் சம்பளத்துக்கு ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தலாம் அல்லவா? அந்த மாற்று ஆளைவிட இவர் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தேடித்தருகிறார் என்பதே கணக்கு. அடித்தது, ஓடியது, தடுத்தது எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, ஏறத்தாழ 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்று வகுப்பார்கள். எனக்கு இந்த எண் பிடிக்கும். ஒரு குறை, அது கூட்டிக்கொண்டே போகும் எண். நிறைய ஆட்டம் ஆடியவனுக்கு நிறையச் சேரும். ஆட்டம் கணக்கில் ஏறாதவனுக்கு?

அதற்கு முன் ஒரு வார்த்தை, பாரி பாண்ட்ஸைப் பற்றி. அவரை நான் கண்ணால் பார்த்தவன். 1986 முதல் 1992 வரை இங்கே ஆடினார். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலில் தரிசனம், கையில் புளியோதரைப் பொட்டலம், அங்கிருந்து நேராக த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம் என்று போன ஞாயிறுகள் பல. ஒல்லியான பையன். மட்டை சுற்றுவது தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். 1992 அக்டோபர் 14 அன்று அட்லாண்டாவில் லீக் இறுதித் தொடரின் கடைசி ஆட்டம், கடைசி அடி, அவர் இடதுபுறத்திலிருந்து எறிந்த பந்து ஒரு கண நேரம் தாமதமாகப் போனது. எதிரணியின் சிட் பிரீம் ஹோம் பிளேட்டில் சறுக்கிச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் அணி இருபது வருடம் தொடர்ந்து தோற்றது. பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோ போனார், உடம்பு மாறியது, 762 ஹோம் ரன்கள், ஊக்கமருந்துப் பேச்சு, 2022இல் 66 சதவீதத்தோடு புகழ்மண்டபக் கதவு சாத்திக்கொண்டது. என் நோட்டில் அவர் ஆறாவது. நான் பார்த்த ஏழு வருடங்களுக்காக. மற்றதை சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது கிப்சன்.

1911 டிசம்பரில் ஜார்ஜியாவில் பிறந்தவர். தந்தை எஃகு ஆலை வேலை தேடி பிட்ஸ்பர்க் வந்தார், குடும்பமும் வந்தது. பதினெட்டு வயதில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில், பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர். பிறகு கஸ் கிரீன்லீயின் கிராஃபர்ட்ஸ் அணி. 1932இல் ஹில் பகுதியில், பெட்ஃபர்ட் அவென்யூவில் கிரீன்லீ தன் சொந்தப் பணத்தில் மைதானமே கட்டினார். அந்த அணியின் கிப்சன், சார்ல்ஸ்டன், சாட்செல் பெய்ஜ், ஜூடி ஜான்சன், கூல் பாப்பா பெல், ஐந்து பேரும் பின்னாளில் புகழ்மண்டபம் போனவர்கள். அந்த மைதானம் ஆறே வருடத்தில் இடிபட்டது. கிரேஸ் அணியோ, பைரேட்ஸ் வெளியூர் போகும் நாட்களில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டை வாடகைக்கு எடுத்து ஆடும். 1935 மே 25 அன்று, வயது நாற்பதான பேப் ரூத், போஸ்டன் சட்டையில் வந்து அதே பிளேட்டில் நின்று மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். வாழ்நாளின் கடைசி மூன்று: 712, 713, 714. மூன்றாவது வலப்பக்கக் கூரையைத் தாண்டிப்போனது. பிட்ஸ்பர்க் அணியின் பயிற்சியாளராக அந்த வருடம் சட்டை போட்டிருந்தவர் ஹோனஸ் வாக்னர்.

ரூத்தின் 714க்குத் தேதி உண்டு, பந்து வீசியவர் பெயர் உண்டு, கூரையின் உயரம் உண்டு. கிப்சனுக்கு? புகழ்மண்டபப் பட்டயத்தில் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் என்று பொறித்திருக்கிறது. அதிகாரபூர்வ எண்ணிக்கை 200ஐக்கூட எட்டாது. இரண்டும் பொய்யல்ல. கறுப்பர் லீகின் பருவம் சிறியது. அணிகளுக்குச் சோறு போட்டது லீக் ஆட்டமல்ல. பேருந்தில் இரவெல்லாம் பயணித்துச் சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் உள்ளூர் அணிகளோடு ஆடிய காட்சி ஆட்டங்கள். அங்கே அடித்தது எதிலும் ஏறாது. லீக் ஆட்டங்களின் ஸ்கோருக்கே பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பர் வாரப்பத்திரிகைகளைத்தான் நம்ப வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் ஓக்லாந்தின் கார்னகி நூலகத்தில் கூரியரின் நுண்படச் சுருள்களை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க, செவ்வாயும் வியாழனும். கைப்பிடியைச் சுற்றினால் சாம்பல் பக்கங்கள் ஓடும். திருமண அறிவிப்பு, முடி நேராக்கும் தைல விளம்பரம், நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரட்டை ஆட்டம். முதல் ஆட்டத்துக்குக் கட்டம் போட்ட ஸ்கோர் இருக்கும். இரண்டாவதற்கு ஒரு வரி: கிரேஸ் வென்றது, கிப்சன் ஒன்று வேலிக்கு வெளியே. எத்தனை முறை மட்டை பிடித்தார்? எத்தனை வாக்? கட்டம் இல்லை. சில கட்டங்களில் ஹிட் எண்ணிக்கை உண்டு, எத்தனை வாய்ப்பு என்ற பத்தியே இல்லை. அச்சில் இடம் போதவில்லையோ, ஸ்கோர் எழுதியவன் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டானோ. நான் நோட்டில் குறித்துக்கொண்டே போனேன், ஓர் இடத்தில் பென்சிலை வைத்துவிட்டேன். என் எதிர் மேசைக்காரரின் அப்பா ஆலையில் ஷிப்ட் முடிந்து, கரி பூசிய முகத்தோடு அந்த ஆட்டங்களுக்குப் போனவர். மகன் எனக்குச் சொன்ன ஹோம் ரன்களில் எத்தனை இந்தச் சுருளில் இருக்கும், எத்தனை இராது?

இப்படிச் சுருள் சுருளாக ஓட்டியவர்கள் நாட்டில் பலர், என்னைப்போலப் பாதியில் நிறுத்தாதவர்கள். அவர்கள் சேர்த்த கணக்கு இல்லையென்றால் அடுத்து நடந்தது நடந்திருக்காது. 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பர் லீகுகளும் பெரிய லீகுகளே என்று அறிவித்தார்கள். 2024 மே மாதக் கடைசியில் எண்களைப் பேரேட்டில் சேர்த்தார்கள். வாழ்நாள் சராசரியில் கிப்சன் .372 என்று மேலே ஏற, காப் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். அன்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைச் சொல்லி மாளாது. காப் மட்டை பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் கிப்சன் கணக்கில் இருக்கிறது, இது என்ன நியாயம் என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் மிச்ச நான்கு பங்கு எங்கே போயிற்று என்றும் அவரே கேட்டிருக்கலாம். அதோடு காப், ரூத், என் வாக்னர், ஒருவர்கூட லீக் ஆட்டத்தில் சாட்செல் பெய்ஜின் பந்தையோ அவரைப்போன்றவர் பந்தையோ சந்தித்ததில்லை. அந்தப் பக்கத்துக் கணக்கில் ஓட்டை என்றால் இந்தப் பக்கத்திலும் ஓட்டைதான்.

1966 ஜூலையில், மட்டைக்காரர் டெட் வில்லியம்ஸ் புகழ்மண்டபத்தில் ஏற்புரை ஆற்றும்போது, பெய்ஜும் கிப்சனும் இங்கே இல்லையே என்று மேடையிலேயே சொன்னார். தன் புகழைக் கேட்க வந்த கூட்டத்திடம் இன்னொருவர் பெயரைச் சொன்ன அந்த ஒரு நிமிடத்துக்காகவே வில்லியம்ஸ் என் பட்டியலில் ஐந்தாவது. .406 அடித்ததெல்லாம் அப்புறம். 1971இல் பெய்ஜ், 1972இல் கிப்சன் உள்ளே போனார்கள். கிப்சனுக்குத் தெரியாது. 1947 ஜனவரி 20 அன்று, முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் கால் வைக்க மூன்று மாதம்கூட இல்லை. அலகெனி கல்லறைத் தோட்டத்தில் அவர் கிடந்த இடத்துக்கு 1975 வரை கல்லும் இல்லை.

பேத்தி போனைப் பைக்குள் வைத்துவிட்டு, “சரி, உங்க நோட்ல அவர் எத்தனாவது?” என்றாள். மூன்றாவது வரி என்றேன். ஓட்டை விழுந்த வரி. வீட்டுக்கு வந்து பார்த்தாள். ரூத், வாக்னர், ஓட்டை, மேஸ், வில்லியம்ஸ் என்று போகிறது. ஓட்டைக்குப் பின்னால் அடுத்த பக்கத்தில் ஏதோ எழுத்து தெரிகிறது என்று திருப்பினாள். அது 1985இன் மளிகைக் கணக்கு.

அந்த ஐம்பது ரன் நண்பனைப் போன தையில் திருச்சியில் பார்த்தேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தொப்பை, மூட்டுவலி. பேரனை மடியில் உட்கார்த்திவைத்து, “தாத்தா ஹாஃப் சென்ச்சுரி அடிச்சவன்டா, வேணா இவனைக் கேளு, இவன்தான் ஸ்கோரர்” என்றான். பையன் என்னைப் பார்த்தான்.

“ஆமாம்ப்பா, அம்பது” என்றேன்.